திண்டிவனம் டு விழுப்புரம்: ஒரு சம்மர் டேஸ்டிங்



கொஞ்சம் நீளமான இழை. பதநீர், கள், பீர், சர்க்கரை, கல்லீரல் எல்லாம் வரும். அவசரமா இருந்தா சேவ் பண்ணி வச்சு ராத்திரி படிங்க.

பெங்களூர்ல வேலை பார்க்கிற அக்கா பையன் மே மாசக் கடைசியில லீவுக்கு வந்திருந்தான். முதல் நாள் திண்டிவனத்துல எங்க வீட்லதான் தங்கினான். சாப்பிட்டு முடிச்சதும் போனை நீட்டி ஒரு போட்டோ காட்டினான். மரத்தட்டுல வரிசையா ஆறு குட்டி கிளாஸ். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு கலங்கல், ஒண்ணு இளஞ்சிவப்பு.

"டேஸ்டிங் மாமா. சம்மர் ஸ்பெஷல் கிராஃப்ட் பீர். அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்துவாங்க. மாம்பழம் போட்டது வெயில் முடியற வரைக்கும்தான். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

ஒவ்வொண்ணையும் ஒரு வாய் உறிஞ்சி, மூக்குல வாசனை பிடிச்சு, புளிப்பு இவ்வளவு, இனிப்பு இவ்வளவுன்னு போன்ல குறிச்சு வச்சிருக்கான். நான் கேஸ் ஷீட்கூட இவ்வளவு சிரத்தையா எழுதினது இல்ல.

"டேய், நம்ம ஊர்லயும் இருக்குடா. மாசியில ஆரம்பிச்சு ஆனி வரைக்கும்தான். காய்ச்சவே வேணாம். மரமே பாதி வேலையைப் பார்த்துடும்"னேன்.

அவன் நம்பல. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்கு எழுப்பிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டி உள்ளே ஒரு கிராமம். என் பேஷன்ட் ஒருத்தர் அங்க பனையேறி. வயசு 50-ஐத் தாண்டிடுச்சு. பேர் வேணாம். அவர்கிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதுறேன். "எழுதுங்க சார், ஆனா ஊருப் பேரு போடாதீங்க"ன்னார்.

நாங்க போறப்பவே அவர் மூணு மரம் ஏறி இறங்கி இருந்தார். கால்ல தளைநார், இடுப்புல பாளை அரிவாள், கலயம். நாலாவது மரத்துல இருந்து இறங்கி, ஒரு ஓலையைக் கிழிச்சு மடிச்சுப் பட்டை கட்டினார். பன்னாடையில வடிகட்டி ஊத்தினார். அக்கா பையன் பழக்க தோஷத்துல கிளாஸைச் சுத்துற மாதிரி பட்டையைச் சுத்திப் பார்த்தான். பாதி சட்டையில ஊத்திக்கிட்டான்.

பதநீரை இதுவரைக்கும் ரோட்டோரம் மட்டுமே குடிச்சவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். மரத்தடியில குடிக்கிறது வேற. குளிர்ச்சி ராத்திரியோட குளிர்ச்சி. முதல்ல இனிப்பு, அதுக்குப் பின்னாடி பாளையோட பச்சை வாசனை, கடைசியில நாக்கு நுனியில சுண்ணாம்போட ஒரு சின்னக் கடி. பட்டையோட ஓலை வாசனையும் சேர்ந்துக்கும். பையன் ரெண்டாவது பட்டை கேட்டான். அப்புறம் மூணாவது.

"இதுல சுண்ணாம்பு எதுக்குண்ணா?"

"சுண்ணாம்பு தடவினா பதனி தம்பி. தடவலன்னா கள்ளு."

"தடவாம விட்டா என்ன ஆகும்?"

"கேஸு ஆகும்"னு சிரிச்சார்.

இங்க கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பாளையோட நுனியை மெல்லிசா சீவி விட்டா சாறு சொட்டும். 100 மில்லி சாறுல ஏறக்குறைய 10-ல இருந்து 14 கிராம் சர்க்கரை. பெரும்பாலும் சுக்ரோஸ். அதாவது நாம கடையில வாங்குற அதே சீனி. காத்துல, பாளையில, போன தடவை கட்டின பானையில எல்லாம் ஈஸ்ட் இருக்கு. நாம ஒண்ணும் போட வேண்டியது இல்ல. சாறு விழுந்த நிமிஷத்துல இருந்து ஈஸ்ட்டும், கூடவே சில பாக்டீரியாக்களும் வேலையை ஆரம்பிச்சிடும். சில மணி நேரத்துல சர்க்கரை ஆல்கஹாலா மாறி நுரை தள்ளும். ஒரு நாளைக்குள்ள 4, 5 சதவீதம் வரைக்கும் போகும். இன்னும் விட்டா புளிச்சு வினிகர் ஆயிடும்.

பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா சாறு காரத்தன்மைக்கு மாறும். அந்தச் சூழல்ல ஈஸ்ட்டால வேலை பார்க்க முடியாது. இனிப்பு அப்படியே நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு விரல் சுண்ணாம்புதான். அதுவே சட்டத்தோட எல்லைக்கோடும் கூட. 1987 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல கள் இறக்கத் தடை. பதநீர் சரி, கள் குற்றம்.

பையன் உடனே ஆரம்பிச்சான். "மாமா, பெல்ஜியத்துல லாம்பிக்னு ஒரு பீர் இருக்கு. ஈஸ்ட் போட மாட்டாங்க. திறந்த தொட்டியில விட்டா காத்துல இருக்கிறதே வந்து புளிக்க வச்சிடும். பிரஸ்ஸல்ஸ் பக்கம்தான் ஸ்பெஷல். உலகமே கொண்டாடுது."

பனையேறிக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அங்க மரம் ஏறணுமா சார்?"

அங்க இருந்து கிளம்பி விழுப்புரம் போற வழியில ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு குடை, ஒரு கேன், "சுத்தமான பதநீர்"னு ஒரு தட்டி. சரி, டேஸ்டிங்னு வந்தாச்சு, இதையும் பார்ப்போம்னு நிறுத்தினோம். ஒரு வாய்தான். இனிப்பு போகாம நாக்குல பத்து நிமிஷம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, அடியில ஒரு உலோகக் கசப்பு. சாக்கரின் சாப்பிட்டவங்களுக்கு இந்தக் கசப்பு தெரியும். தண்ணி, சாக்கரின், கொஞ்சம் சுண்ணாம்பு. எல்லா ரோட்டோரக் கடையும் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா மத்தியானம் மூணு மணி வெயில்லயும் புளிக்காம, காலையில இருந்த மாதிரியே இருக்கிற பதநீரைக் கண்டா எனக்குச் சந்தேகம் வரும்.

இப்போ என் சர்க்கரைக்கார சொந்தங்களுக்கு. "டாக்டர், பதநீர் இயற்கைதானே, குடிக்கலாமா?" வெயில் காலத்துல என் ஓ.பி.யில தினமும் நாலு பேர் கேட்கிற கேள்வி. கணக்கு நீங்களே போடுங்க. 300 மில்லி டம்ளர் ஒண்ணு. 12 சதவீதம்னு வச்சாக்கூட 36 கிராம் சர்க்கரை. ஏழு டீஸ்பூன் சீனி. காபியில அரை ஸ்பூன் சீனிக்கு வீட்ல சண்டை போடுறவங்க இதை மடக்குன்னு குடிச்சிட்டு வந்து "சுகர் ஏன் ஏறுச்சுன்னே தெரியல"ம்பாங்க. மரத்துல இருந்து வந்ததுன்னு கணையத்துக்குத் தெரியாது. நுங்கு சாப்பிடுங்க, ரெண்டு மூணு, இளசா. பதநீர் உங்களுக்கு வேணாம்.

இன்னொண்ணு. வங்கதேசத்துல ஈச்ச மரச் சாறைப் பச்சையா குடிச்சு நிபா வந்திருக்கு. ராத்திரியில பழந்தின்னி வவ்வால் வந்து சாறை நக்கிட்டுப் போகும். அதனால அங்க மூங்கில் தட்டி வச்சு சாறு வடியற இடத்தை மூடச் சொல்றாங்க. பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. பனையேறியைத் தெரிஞ்சவங்க, கலயத்தை மூடி வைக்கிறாரான்னு கேட்டுக்கோங்க. கொதிக்க வச்ச பதநீரும் நல்லாத்தான் இருக்கும்.

மத்தியானம் அக்கா வீட்ல சாப்பாடு. சாயங்காலம் பையன் கேட்டான். "மாமா, சுண்ணாம்பு தடவாதது?"

காரை அக்கா வீட்லயே போட்டுட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல புதுச்சேரி பஸ் ஏறினோம். (வாய்ல ஒரு சொட்டு பட்டாலும் நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். எமர்ஜென்சி டியூட்டி பார்த்த எந்த டாக்டரும் தொட மாட்டார்.) அந்த ரோடே ஒரு வேடிக்கை. கோலியனூர், வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தா புதுச்சேரி. கண்டமங்கலத்துல மறுபடி தமிழ்நாடு. அப்புறம் மறுபடி புதுச்சேரி. பனை மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. இந்தப் பக்கம் இருக்கிற மரத்துல இறக்கினா கேஸு, அந்தப் பக்கம் இருக்கிற மரத்துல இறக்கினா லைசென்ஸ் கடை.

கள்ளுக்கடை. கீத்துக் கொட்டாய், பெஞ்சு, பிளாஸ்டிக் மக்கு, மாங்காய் பத்தை, மிளகாய்த்தூள். பையன் ஒரு மக்கு வாங்கினான். நான் அதுல ரெண்டு வாய். பால் மாதிரி வெள்ளை, மேல நுரை, நல்ல புளிப்பு. பழைய சோத்துத் தண்ணியையும் ஆப்ப மாவையும் சேர்த்தா வர்ற வாசனை. தொண்டையில இறங்கறப்ப வினிகர் மாதிரி ஒரு இழுப்பு. "சவர் பீர் மாமா, அசல் சவர் பீர்!"னு பையன் துள்ளினான். எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்கலன்னு சொன்னா ரசனை கெட்டவன்னு சொல்வீங்க. பரவால்ல. காலையில குடிச்ச பதநீர் பக்கத்துலகூட அது வரல.

கள் நல்லதா கெட்டதா? இந்த இழைக்குக் கீழ எப்படியும் சண்டை போடுவீங்க. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரோட கணக்கு இது.

ஒரு குவார்ட்டர்: 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 61 கிராம் கிட்ட.
ஒரு ஸ்ட்ராங் பீர்: 650 மில்லி, 8 சதவீதம். 41 கிராம்.
அதே 650 மில்லி கள், 5 சதவீதம். 26 கிராம்.

கம்மிதான். ஆனா கல்லீரல் பேரைப் பார்க்காது, கிராமைத்தான் பார்க்கும். மூணு பாட்டில் கள் குடிச்சா குவார்ட்டரைத் தாண்டிடும். ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. "கள் உணவு, மது இல்ல"ன்னு சொல்ற நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டும்தான். அதுல ஈஸ்ட் இருக்கு, வைட்டமின் பி கொஞ்சம் இருக்கு, ஆல்கஹாலும் இருக்கு. தெலங்கானா பக்கம் கள்ளுல தூக்க மாத்திரைப் பொடியைக் கலந்து விற்ற கதையும் இருக்கு. அதைக் குடிச்சுப் பழகினவங்க நிறுத்தினா வலிப்பு வரும்.

அதே சமயம், எதிர்ப்பக்கத்து நண்பர்களுக்கும் ஒண்ணு. 2023 மே மாசம் நம்ம மாவட்டத்துல, மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். அதே நாட்கள்ல செங்கல்பட்டு மாவட்டத்துலயும். 20-க்கும் மேற்பட்டவங்க போனாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேல. அந்த ஒவ்வொரு தடவையும் என்கிட்ட "பாருங்க டாக்டர், கள்ளு குடிச்சு செத்துட்டாங்க"ன்னு சொன்னவங்க எத்தனை பேர்!

கள் வேற. கள்ளச்சாராயம் வேற. கள்ளச்சாராயத்துல இருக்கிற "கள்ள" திருட்டுத்தனம்ங்கிற கள்ளம். பனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அங்க கொன்னது மெத்தனால். ஃபேக்டரியில கரைப்பானா பயன்படுற சாமான். அதைக் கல்லீரல் முதல்ல ஃபார்மால்டிஹைடாவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாவும் மாத்தும். அந்த அமிலம் கண் நரம்பைத்தான் முதல்ல தாக்கும். "பனி மூட்டமா தெரியுது டாக்டர்"னு வருவாங்க. அப்போ டயாலிசிஸ், ஃபோமெபிசோல், அது இல்லன்னா எத்தனால்னு ஓடணும். சர்க்கரைச் சாறு புளிக்கிறதுல ஆள் சாகிற அளவுக்கு மெத்தனால் வராது. குடிச்ச யாருக்காவது வயித்து வலி, மூச்சு வாங்குது, கண்ணு மங்குதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. போலீஸ் கேட்குமேன்னு பயந்து வீட்லயே படுக்க வச்சதுலதான் நிறைய பேர் போயிருக்காங்க.

இப்போ அந்தப் பனையேறியோட கதை. நான் இந்த இழையை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

தை மாசம், சீசனுக்கு முன்னாடி, அவர் சம்சாரம் கூட்டிட்டு வந்தாங்க. கால் வீக்கம், பசி இல்ல. ரத்தப் பரிசோதனையில ஏ.எஸ்.டி. 146, ஏ.எல்.டி. 58. தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. குடியால கெட்ட கல்லீரல் போடுற கையெழுத்து இது. தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் ரெண்டு. கையை நீட்டச் சொன்னேன். விரல் நடுங்குச்சு.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி மரம் ஏறுறீங்க?"

"ராத்திரியே ஒரு கட்டிங் எடுத்து வச்சுடுவன் சார். காலையில அதைப் போட்டாதான் கை நிக்கும். கை நின்னாதான் மரம் ஏற முடியும்."

அறுபது அடி மரம். ஒரு நாளைக்கு இருபது மரம், ரெண்டு வேளை.

அவர் அப்பாவும் பனையேறிதான். 1986 டிசம்பர் கடைசி நாள் வரைக்கும் கள் இறக்கினவர். இவருக்கு அப்போ 14 வயசு, கலயம் கழுவுற வேலை. வீட்ல யாரும் குடிகாரங்க இல்லன்னு சத்தியம் பண்றார். நான் அதை அப்படியே நம்பல, அப்பாவைப் பத்தி எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா அவர் சொன்ன இன்னொரு விஷயம் மனசுல நின்னுடுச்சு. விக்காம மிஞ்சின பதநீர் சாயங்காலம் புளிக்க ஆரம்பிக்கும். வெல்லம் காய்ச்ச விறகு இருந்தா காய்ச்சுவார். இல்லன்னா மரத்தடியிலேயே கொட்டிடுவார், வீட்ல வச்சிருந்தா கள்ளுன்னு கேஸு வருமேன்னு. கொட்டிட்டு, பதநீர் வித்த காசை எடுத்துக்கிட்டு டாஸ்மாக் போவார். 5 சதவீதத்தை மண்ணுல ஊத்திட்டு 42.8 சதவீதத்தைக் காசு கொடுத்து வாங்கி இருக்கார், இருபது வருஷமா.

அட்மிட் பண்ணித்தான் நிறுத்தினோம். இதைக் கவனமா படிங்க: தினமும் குடிக்கிறவர் திடீர்னு வீட்லயே நிறுத்தக் கூடாது. ரெண்டாவது, மூணாவது நாள்ல வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். அவருக்கும் மூணாம் நாள் ராத்திரி சுவத்துல பனை தெரிஞ்சுது. ஏறப் போறேன்னு கட்டில் கம்பியைப் பிடிச்சார். தயமின் ஊசி, மருந்து, அவர் சம்சாரத்தோட கை. அஞ்சாம் நாள் தெளிஞ்சார். மாசியில சீசன் ஆரம்பிச்சதும் ஏறிட்டார். ஒரு சொட்டு தொடல. கை நிக்குது.

நாங்க டேஸ்டிங் போய் வந்து ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தார். என் அக்கா பையன் வெல்லம் வாங்குறதுக்காக அவர் நம்பரை வாங்கி வச்சிருந்தான், பேசுறப்ப எல்லாத்தையும் உளறி இருக்கான்.

"பாண்டி போயி கள்ளு குடிச்சீங்களாமே சார்?"

எனக்கு வெட்கமா போச்சு. குடிக்காதீங்கன்னு இவருக்குச் சொன்ன அதே வாய். ஆமான்னேன்.

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். புளிப்பு, நுரை, கடைசியில வினிகர்.

"அது நேத்து இறக்கினது சார். உங்களை ஏமாத்திட்டான்." ஸ்டூலை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார். "விடியக்காலம் இறக்கினதை வெயில் ஏறதுக்குள்ள குடிக்கணும். பாதி இனிப்பு இருக்கும். நாக்குல சுருக்குனு ஊசி குத்துற மாதிரி இருக்கும். புளிப்பு கண்ணுக்கே தெரியாது, விழுங்கின பிறவுதான் தெரியும். எங்க அப்பா கலயம் கழுவறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாய் தருவாரு."

நாற்பது வருஷத்துக்கு முன்னாடி குடிச்சது. அக்கா பையன் போன்ல குறிச்சு வச்சதை எல்லாம் விட இதுதான் டேஸ்டிங் நோட்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார். "தடையை எடுத்துட்டாங்கன்னா, பிராந்தி வேணாம், கள்ளு மட்டும் ஒரு கலயம் குடிக்கலாமா சார்?"

மத்தவங்களுக்கு என்ன சொல்லுவேனோ, அவருக்கு ஒரே பதில்தான் இருந்துச்சு. அந்தக் கல்லீரலுக்கு, அந்தப் பழக்கத்துக்கு, ஒரு வாய்கூடக் கூடாது. சொல்லிட்டேன். தடையை எடுக்கலாமா வேணாமாங்கிறதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு. எடுக்கலாம்னுதான் நினைக்கிறேன். குவார்ட்டரை ஊர் ஊரா வித்துக்கிட்டு மரத்துல இருக்கிறதை மட்டும் குற்றம்னு சொல்றது எனக்குப் புரியல. ஆனா நாளைக்கே எடுத்தாலும் இவருக்கு அது இல்ல.

தலையை ஆட்டினார். "சரி சார். மரத்துல இருக்கிற வரைக்கும் பயம் இல்ல சார். ஆனி முடிஞ்சு இறங்கிட்டன்னாதான் பயம். சாயங்காலம் ஆறு மணி ஆனா கால் தானா அந்தப் பக்கம் போவும்."

சம்சாரத்தையும் கூட்டிட்டு வாரம் ஒரு தடவை வரச் சொன்னேன். மாத்திரை மாத்தி எழுதினேன். சீட்டுல அடுத்த தேதி, ஆடி முதல் திங்கள்.

"ஆடியில எனக்கு வேலை இருக்காது சார், காலையிலயே வந்துடுவன்"னார். அவர் போன பிறகு பார்த்தா மேசை ஓரத்துல ஒரு தண்ணி பாட்டில் நிறைய பதநீர். மூடியைச் சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு.